சாக்கடல் சுருள்களைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்காதீர்கள்: திருமண்டலக் கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

எங்கள் ஆலயத்தில் ஞாயிறு மாலை ஆராதனைக்குப் பிறகு நடந்துவந்த வாலிபர் வகுப்பை நிறுத்தச் சொல்லி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைக் குருவானவர் சபையில் வாசித்தார். வேதாகமத்துக்குப் புறம்பான நூல்களை ஆலய வளாகத்தில் பாடமாக நடத்தக் கூடாது, விசுவாசத்தில் பலவீனமானவர்களுக்கு அவை இடறலாக இருக்கும் என்பது அதன் சாரம். எந்த நூல் என்று அதில் பெயர் இல்லை. நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தது, சாக்கடல் கரைக் குகைகளில் கிடைத்த பழைய யூதக் கையெழுத்துகளான சாக்கடல் சுருள்களைத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். விளக்கம் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. நேரில் வந்தேன், அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவிட்டீர்கள். அதனால் எல்லோரும் வாசிக்கும்படியே எழுதுகிறேன்.

நான் இறையியல் படித்தவன் அல்ல. பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இதே சபையில் ஞானஸ்நானம் பெற்று, இதே ஆலயத்தில் திருமணம் செய்து, இங்கேயே அடக்கமாகப் போகிறவன். விசுவாசத்தைக் கலைக்க வந்தவனாக என்னை நீங்கள் நினைத்தால் அது எனக்கு வலிக்கிறது.

இந்த வகுப்பு நானாகத் தொடங்கியது அல்ல. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள்தான் கேட்டு வந்தார்கள். அவர்கள் கையிலிருக்கும் செல்பேசியில் இந்த விஷயம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. பன்னிரண்டு வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் இயேசு, எஸ்ஸேனர் என்ற பழைய யூதக் குழுவின் மடத்தில் படித்தார் என்று ஒரு காணொளி. இயேசு பிறப்பதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே, சுருள்கள் கிடைத்த கும்ரானில் கிறிஸ்தவம் உண்டாகிவிட்டது, பவுல் அதை எடுத்துப் பெயர் மாற்றிக்கொண்டார் என்று இன்னொன்று. உண்மையான சுருள்களை வாடிகன் நிலவறையில் பூட்டி வைத்திருக்கிறது என்று வேறொன்று. பொறியியல் படிக்கும் ஒரு தம்பி எங்கள் குருவானவரைக் குறித்து என்னிடம் கேட்டான்: "சார், இதெல்லாம் நம்ம ஐயருக்குத் தெரியுமா? தெரிஞ்சும் சொல்லாம இருக்காரா?"

அந்த இரண்டாவது கேள்விதான் என்னை வகுப்பு எடுக்க வைத்தது. உங்களில் குருத்துவப் படிப்பு முடித்தவர்கள் அத்தனை பேரும் கல்லூரியில் இந்தச் சுருள்களைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். தேர்வும் எழுதியிருப்பீர்கள். பிரசங்க பீடத்தில் ஏறிய பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. குருவானவருக்குத் தெரியலாம், சபையாருக்குத் தெரியக் கூடாது என்றால் அதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் வகுப்புக்கு வந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. அதனால் அங்கே என்ன நடத்தினோம் என்பதைச் சொல்கிறேன்.

1947-ஐ ஒட்டி, சாக்கடலின் வடமேற்குக் கரையில் கும்ரானுக்கு அருகே, தாமிரே குலத்தைச் சேர்ந்த பெதுவின் மேய்ப்பர்கள் ஒரு குகைக்குள் மண்சாடிகளையும் அவற்றில் தோல் சுருள்களையும் கண்டார்கள். முதலில் வெளிவந்தவை ஏழு. மூன்றை எபிரேயப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எலெயாசர் சுக்கெனிக் வாங்கினார். நான்கு சுருள்கள் எருசலேமிலிருந்த சிரிய ஆர்த்தடாக்ஸ் பேராயர் மார் சாமுவேலின் கைக்குப் போயின. அவர் அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், 1954-இல் ஒரு வணிக நாளிதழில் வரி விளம்பரம் கொடுத்தார். அந்த விளம்பரத்தைப் பார்த்து இடையாள் மூலம் 2,50,000 டாலருக்கு வாங்கியவர் சுக்கெனிக்கின் மகன் யிகாயெல் யாதின். 1956 வரை பதினொரு குகைகளில் சுருள்களும் துண்டுகளும் கிடைத்தன. 1952-இல் கண்டுபிடித்த நான்காம் குகையில் மட்டும் ஆயிரக்கணக்கான துணுக்குகள், சில நகத்தளவுதான் இருக்கும். எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தபோது 900-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகளின் மிச்சங்கள் என்று தெரிந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் கி.பி. முதல் நூற்றாண்டு வரையானவை. பெரும்பாலும் எபிரேயம், கொஞ்சம் அரமேயம், கொஞ்சம் கிரேக்கம்.

இதில் ஏறக்குறைய கால் பங்கு நம்முடைய பழைய ஏற்பாட்டுப் புத்தகங்கள்தான். எஸ்றாவையும் நெகேமியாவையும் யூதர் வழக்கப்படி ஒரே புத்தகமாக எண்ணினால், எஸ்தர் தவிர மற்றப் புத்தகங்களின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஏசாயா சுருள் ஏழு மீட்டருக்கும் மேல் நீளம், 54 பத்திகள், முழுப் புத்தகமும் இருக்கிறது. அதற்கு முன் நம்மிடம் இருந்த முழுமையான எபிரேயப் படிகள் கி.பி. பத்தாம், பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இந்தச் சுருள் அவற்றைவிட ஆயிரம் ஆண்டு மூத்தது. வேதாகமத்துக்குப் புறம்பான நூல் என்று நீங்கள் தடுத்ததில் ஏசாயாவும் உபாகமமும் சங்கீதமும் அடக்கம், ஐயாமார்களே. கும்ரானில் மிக அதிகப் படிகள் கிடைத்த மூன்று புத்தகங்களும் இவையே. புதிய ஏற்பாடு மிகுதியாக மேற்கோள் காட்டுவதும் இதே மூன்றைத்தான். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது பிள்ளைகளின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மீதியில் ஒரு பகுதி அந்தக் குழுவின் சொந்த எழுத்துகள். சமூகத்தில் சேருவதற்கான ஒழுங்குவிதிகள், நன்றிப் பாடல்கள், ஒளியின் மக்களுக்கும் இருளின் மக்களுக்கும் நடக்கப்போகும் போர் பற்றிய சுருள், ஆபகூக் தீர்க்கதரிசிக்கு எழுதிய விளக்கம். எருசலேம் ஆலயத்தின் குருமார் கறைப்பட்டுவிட்டார்கள், நாட்காட்டியே தவறு என்று சொல்லி ஒதுங்கிப்போன யூதர்கள் இவர்கள். தங்களுக்கு வழிகாட்டியவரை நீதியின் ஆசிரியர் என்றார்கள். அவரைத் துன்புறுத்தியவனைப் பொல்லாத ஆசாரியன் என்றார்கள். இருவரின் சொந்தப் பெயரையும் எங்கும் எழுதவில்லை. முதல் நூற்றாண்டு எழுத்தாளர்களான யோசேபஸும் ஃபைலோவும் மூத்த பிளினியும் எழுதியிருக்கிற எஸ்ஸேனர்கள் இவர்களே என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. சுருள்கள் எருசலேம் நூலகங்களிலிருந்து கொண்டுவந்து ஒளித்தவை என்று நார்மன் கோல்ப் போன்றவர்கள் மறுத்தார்கள். அதையும் வகுப்பில் சொன்னேன்.

பெயர் இல்லாத அந்த இரண்டு மனிதர்கள்தான் எல்லாக் கதைகளுக்கும் வாசல். பெயர் எழுதாத இடத்தில் யார் பெயரையும் எழுதலாம் அல்லவா? 1950-இல் பிரெஞ்சு அறிஞர் துய்ப்போன் சொமேர், நீதியின் ஆசிரியரை இயேசுவுக்கு முன்னோடியாக வைத்து, இருவரின் வாழ்க்கையும் ஒத்துப்போகிறது என்று எழுதினார். 1956-இல் ஜான் அலெக்ரோ பிபிசி வானொலியில், அந்த ஆசிரியரும் சிலுவையில் அறையப்பட்டார், சீடர்கள் அவர் திரும்பி வருவதற்குக் காத்திருந்தார்கள் என்ற பொருளில் பேசினார். அலெக்ரோ வெளியாள் அல்ல, சுருள்களைப் பதிப்பித்த குழுவில் ஒருவர். அவருடன் வேலை செய்த மற்றவர்களே லண்டன் டைம்ஸுக்குக் கடிதம் எழுதி, சுருள்களில் அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தார்கள். ராபர்ட் ஐசன்மன் நீதியின் ஆசிரியர் என்பது இயேசுவின் சகோதரன் யாக்கோபுதான் என்றார். ஆஸ்திரேலியாவில் பார்பரா தீரிங், ஆசிரியர் யோவான் ஸ்நானகன், பொல்லாத ஆசாரியன் இயேசு என்றார். ஒரே சுருள், ஒருவர் யாக்கோபு என்கிறார், இன்னொருவர் யோவான் என்கிறார்.

இவற்றை நான் கேலி செய்யவில்லை. படித்தவர்கள் யோசித்துச் சொன்னவை. ஆனால் சோதித்துப் பார்க்க முடியும். ஆபகூக் விளக்கச் சுருளின் தோலைக் கதிரியக்கக் கார்பன் முறையில் அரிசோனாவில் சோதித்தார்கள். இயேசுவின் ஊழியத்துக்கு முந்திய காலம் என்று வந்தது. எழுத்தின் வடிவத்தைப் பார்த்துக் காலம் கணித்தவர்களும் அதையே சொல்லியிருந்தார்கள். பொல்லாத ஆசாரியன் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் யூதேயாவை ஆண்ட அஸ்மோனியக் குடும்பத்துப் பிரதான ஆசாரியர்களில் ஒருவன், அநேகமாக யோனத்தான், என்பதுதான் பரவலான கருத்து. யாக்கோபுவும் யோவானும் அந்தக் காலத்துக்குள் அடங்க மாட்டார்கள். இயேசுவின் பெயரோ, யோவான் ஸ்நானகனின் பெயரோ, பவுலின் பெயரோ எந்தச் சுருளிலும் இல்லை. இதை ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடிந்தது. காணொளியில் பார்த்ததை யாரும் திட்டாமல், கத்தாமல், ஆதாரத்தோடு பேசினால் அவர்கள் கேட்கிறார்கள்.

நம் பக்கத்து மிகைகளையும் விடவில்லை. ஏழாம் குகையில் கிடைத்த சின்னஞ்சிறு கிரேக்கத் துணுக்கு ஒன்று மாற்கு சுவிசேஷத்தின் பகுதி என்று ஸ்பெயின் அறிஞர் ஓகாலஹான் 1972-இல் சொன்னார். நம் கன்வென்ஷன் கூட்டங்களில் இதை முடிந்துபோன உண்மையாகப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தத் துணுக்கில் முழுதாகத் தெரியும் சொல் ஒன்றே ஒன்று, அது "உம்" என்ற பொருள் தரும் இணைப்புச் சொல். அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பொய்யான ஆதாரம் நமக்குச் சாதகமாக இருந்தாலும் பொய்தான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். இதில் உங்களுக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்?

வாடிகன் கதைக்கு வருகிறேன். உங்கள் சுற்றறிக்கையோடு அதற்கு நேரடித் தொடர்பு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான்காம் குகைத் துணுக்குகள் அன்று யோர்தான் ஆட்சியில் இருந்த கிழக்கு எருசலேமின் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அவற்றைப் படிக்க, பிரெஞ்சு தொமினிக்கன் குருவானவர் ரோலான் தெ வோ தலைமையில் ஒரு சிறிய குழு அமைந்தது. பலர் கத்தோலிக்கக் குருக்கள், சிலர் புராட்டஸ்டன்டுகள், யூதர் ஒருவர்கூட இல்லை. யூதர்களின் சொந்த முன்னோர் எழுதியதைப் படிக்க யூதருக்கு இடமில்லாமல் இருந்தது. ஆரம்பத்தில் வேகமாக வேலை செய்தவர்கள் அப்புறம் தேங்கிப்போனார்கள். ஒவ்வொருவரும் தனக்கு ஒதுக்கிய துண்டுகளைத் தன் சொத்தாகவே வைத்துக்கொண்டார். தன் மாணவருக்குக் கொடுத்தார், வெளியே இருந்து கேட்டவருக்கு மறுத்தார். 1967-க்குப் பிறகு எருசலேம் முழுவதும் இஸ்ரவேலின் கைக்கு வந்த பின்னும் இதே ஏற்பாடு நீடித்தது. முப்பது ஆண்டுக்கு மேல் உலகம் காத்திருந்தது. ஆக்ஸ்போர்டின் கெசா வெர்மெஷ் 1977-லேயே இதை இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கல்விசார் அவக்கேடாக ஆகும் நிலை என்று கண்டித்தார்.

அந்த மௌனத்தில்தான் வதந்தி வளர்ந்தது. கிறிஸ்தவத்தையே கவிழ்க்கும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது, குருமார்கள் அதை வெளியே விடமாட்டார்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் 1991-இல் மூன்று பக்கமிருந்தும் கதவு திறந்தது. முதலில் அமெரிக்க அறிஞர் வாக்ஹோல்டரும் அவருடைய மாணவர் அபெக்கும், எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்ட, குழு தனக்காக அச்சிட்டு வைத்திருந்த சொல்லடைவிலிருந்து கணினி உதவியோடு சுருள்களின் வாசகத்தைத் திரும்பக் கட்டி வெளியிட்டார்கள். அதே செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகம் தன்னிடமிருந்த புகைப்படங்களை எல்லா ஆய்வாளருக்கும் திறந்துவிட்டது. ஆண்டு முடிவதற்குள் புகைப்படங்களே இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சில் வந்தன. இமானுவேல் தோவ் தலைமையில் விரிவாக்கிய குழு அடுத்த ஆண்டுகளில் மிச்சத்தைப் பதிப்பித்து முடித்தது. 2012 முதல் இஸ்ரவேல் தொல்பொருள் துறை உயர்தரப் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நானும் பிள்ளைகளும் ஆலய மண்டபத்தில் உட்கார்ந்து அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தோம்.

எல்லாம் வெளியே வந்த பிறகு என்ன கிடைத்தது? கிறிஸ்தவத்தைக் கவிழ்க்கும் எதுவும் இல்லை. சதி இல்லை, சோம்பலும் பேராசையும் பொறாமையும் இருந்தன. ஆனால் சதிக் கதை மட்டும் சாகவில்லை. வெளியே எல்லாம் திறந்து கிடக்கும்போதும் எங்கள் ஊர்ப் பிள்ளை செல்பேசியில் அதைப் பார்க்கிறான், நம்புகிறான். மறைத்தார்கள் என்ற ஒரே உண்மை போதும், மறைத்தது எது என்பதை யாரும் இட்டுக்கட்டிக்கொள்ளலாம். அந்தப் பதிப்புக் குழு செய்த தவற்றை நீங்கள் இப்போது எங்கள் சேகரத்தில் திரும்பச் செய்திருக்கிறீர்கள். சுற்றறிக்கை வாசித்த அன்று இரவே வாலிபர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளை எழுதினாள்: "அப்ப நிஜமாவே ஏதோ இருக்கு, அதான் நிறுத்திட்டாங்க." வகுப்பு நடந்த மாதங்களில் அவளுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

இனி, நாங்கள் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியைச் சொல்லியாக வேண்டும்.

தமஸ்கு ஒழுங்கு என்று ஒரு நூல். அதன் இடைக்காலப் படிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவின் பழைய ஜெப ஆலயத்துக் கிடங்கிலிருந்து வெளிவந்தன. பழைய துண்டுகள் கும்ரான் குகைகளில் கிடைத்தன. ஓய்வுநாளில் ஒரு மிருகம் குழியிலோ பள்ளத்திலோ விழுந்தால் அன்று தூக்கி எடுக்கக் கூடாது என்கிறது அது. இப்போது மத்தேயு பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடாத மனிதன் உங்களில் உண்டா என்று இயேசு கேட்கிறார். சிறு வயதிலிருந்து அந்த வசனத்தைக் கேட்டிருக்கிறேன். "உண்டா" என்பது பேச்சுக்குக் கேட்கிற கேள்வி என்றே நினைத்திருந்தேன். உண்மையில் உண்டு! அவர் நடந்த அதே நாட்டில், அதே நாட்களில், தூக்கக் கூடாது என்று எழுதி வைத்துக்கொண்டு வாழ்ந்த பக்திமான்கள் இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு எதிரே ஒரு முகம் வந்துவிட்டது.

இன்னொன்று. கடைசி நாட்களில் கூடும் சபையில் யார் உட்காரலாம் என்று கும்ரானின் ஒழுங்குவிதி ஒன்று சொல்கிறது. முடவன், குருடன், செவிடன், ஊமையன் உள்ளே வரக் கூடாது, பரிசுத்த தூதர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது காரணம். லூக்கா பதினாலாம் அதிகாரத்தில் இயேசு, நீ விருந்து செய்யும்போது ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் அழைப்பாயாக என்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தபோது வகுப்பில் பேச்சே இல்லை. எங்கள் சபையில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு தம்பி அன்று வகுப்பில் இருந்தான். அந்த வசனத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். இது விசுவாசத்துக்கு இடறலா?

ஒற்றுமைகளும் உண்டு, அவற்றை மறைக்கவில்லை. வனாந்தரத்தில் கர்த்தருக்கு வழியை ஆயத்தப்படுத்துங்கள் என்ற ஏசாயாவின் வசனத்தைச் சுவிசேஷங்கள் யோவான் ஸ்நானகனுக்குப் பொருத்துகின்றன. கும்ரான் மக்கள் அதே வசனத்தைச் சொல்லித்தான் வனாந்தரத்துக்குப் போனார்கள். வழி என்பது மோசேயின் நியாயப்பிரமாணத்தை ஆராய்வது என்று பொருள் கொண்டார்கள். புதிதாகச் சேருகிறவனின் சொத்தைப் படிப்படியாகப் பொதுவில் சேர்த்தார்கள், சொத்து விஷயத்தில் பொய் சொன்னவனை ஓராண்டு சுத்த போஜனத்திலிருந்து விலக்கி, உணவில் கால் பங்கைக் குறைத்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியாவின் கதை எந்த உலகத்தில் நடந்தது என்பது இதைப் படித்தால் தெரியும். மேசியா வரும்போது காயப்பட்டவர்கள் குணமாவார்கள், மரித்தோர் உயிர்பெறுவார்கள், எளியவர்களுக்கு நற்செய்தி வரும் என்று நான்காம் குகைத் துண்டு ஒன்று பேசுகிறது. சிறையிலிருந்த யோவானுக்கு இயேசு சொல்லி அனுப்பிய பதிலில் ஏறக்குறைய இதே வரிசை வருகிறது. அந்தப் பதிலைக் கேட்டதும் யோவானுக்கு ஏன் விளங்கியிருக்கும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

நீதிமான் விசுவாசத்தினாலே பிழைப்பான் என்ற ஆபகூக்கின் வார்த்தை பவுலுக்கு எத்தனை முக்கியம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கும்ரான் விளக்கம் அதை, நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டு நீதியின் ஆசிரியரிடம் விசுவாசமாக இருக்கிறவர்கள் என்று படிக்கிறது. பவுல் அதே வசனத்தைக் கையில் எடுத்து வேறு திசையில் நடக்கிறார். அவர் யாரிடமிருந்தும் திருடவில்லை. எல்லோருக்கும் பொதுவான வேதத்தை வைத்து எல்லோரும் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில் அவரும் வாதாடினார். கிறிஸ்தவம் எப்படித் தொடங்கியது என்று கேட்பவருக்கு என் பதில் இதுதான்: அது எஸ்ஸேனர்களிடமிருந்து பிறக்கவில்லை, ஆனால் அவர்களும் பரிசேயரும் இன்னும் பலரும் மேசியாவை எதிர்பார்த்துத் தர்க்கித்துக்கொண்டிருந்த யூத வீட்டுக்குள்தான் பிறந்தது.

உங்களைச் சங்கடப்படுத்தும் விஷயங்களும் இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். கோலியாத்தின் உயரம் நம் வேதாகமத்தில் ஆறு முழமும் ஒரு சாணும். கும்ரானின் சாமுவேல் சுருளில் நாலு முழமும் ஒரு சாணும். எரேமியா புத்தகம் அங்கே நீண்ட வடிவிலும் இருக்கிறது, நம்முடையதைவிடக் குறுகிய வடிவிலும் இருக்கிறது. யூதாவின் நிருபம் மேற்கோள் காட்டும் ஏனோக்கின் புத்தகம் அரமேயத்தில் பல படிகளாகக் கிடைத்திருக்கிறது. சுருள்கள் வேதாகமத்தை எழுத்துக்கு எழுத்து நிரூபித்துவிட்டன என்று பிரசங்கம் செய்கிறவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் இதை எப்படியும் ஒரு நாள் பிள்ளை தெரிந்துகொள்ளப் போகிறான். ஆலயத்தில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது தெரிந்துகொள்வதா, நடு ராத்திரியில் யாரோ ஒருவன் ஏளனமாகச் சொல்லித் தெரிந்துகொள்வதா? கோலியாத் விஷயத்தைச் சொன்ன நாளில் பிள்ளைகள் யாரும் விசுவாசத்தை விட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் நம் பீடங்களில் கேட்கும் ஒரு பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூதர் என்றாலே உயிரற்ற சட்டத்தைப் பிடித்துக்கொண்டவர்கள், இயேசு அந்த மதத்தை ஒழிக்க வந்தார் என்று ஆண்டுதோறும் பேசுகிறோம். அந்த நன்றிப் பாடல்களை ஒரே ஒரு முறை வாசித்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். நான் களிமண், தூசி, உம்முடைய இரக்கத்தினால் அல்லாமல் எனக்கு நீதி ஏது என்று கெஞ்சுகிற மனிதர்கள் எழுதியவை அவை. அவர்களையும் கி.பி. 68-ஐ ஒட்டி ரோமப் படை அழித்தது. ஒரு ஜனத்தையே இழிவாகப் பேசிப் பேசி ஐரோப்பியத் திருச்சபைகள் எங்கே போய் நின்றன என்று நமக்குத் தெரியும். சுருள்களைப் பதிப்பித்த குழுவின் தலைவராயிருந்த ஸ்ட்ரக்னெலே 1990-இல் யூத மதத்தை இழித்துப் பேட்டி கொடுத்துப் பதவி இழந்தார். அறிவு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் அவர் சாட்சி.

திருமண்டலப் புனிதப் பயணத்தில் நானும் போயிருக்கிறேன். பேருந்து கும்ரானில் நின்றது. இயேசு இங்கேதான் தங்கிப் படித்தார் என்று வழிகாட்டி ஒரே வரியில் முடித்தார், கூட வந்த குருவானவர் மறுக்கவில்லை. பிறகு எல்லோரும் சாக்கடல் சேறு விற்கும் கடைக்குள் போய்விட்டோம். மறுநாள் எருசலேமில், சாடி மூடிபோல வெள்ளைக் கூரை வைத்த சுருள் மண்டபம் பயணத் திட்டத்திலேயே இல்லை. பலர் கடன் வாங்கி வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பொய்யைக் காட்டித் திருப்பி அனுப்பினோம். அறியாமைக்கு விலையும் உண்டு. அமெரிக்காவில் வேதாகம அருங்காட்சியகம் ஒன்று பெரும் பணம் கொடுத்துச் சேர்த்த பதினாறு சுருள் துணுக்குகளும் போலி என்று 2020-இல் அவர்களே அறிவிக்க வேண்டி வந்தது. பக்தியுள்ளவர்களின் ஆர்வத்தை வைத்துத்தான் அந்தப் போலிச் சந்தை நடந்தது.

நான் கேட்பது இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். முழுவதும் முடியாது என்றால், சாக்கடல் சுருள்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு வரியாவது எழுதி, வாசித்த அதே சபையில் வாசிக்கச் செய்யுங்கள். வகுப்பை நான்தான் எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் பெயர் உங்களுக்குத் தடையாக இருந்தால் இறையியல் கல்லூரியிலிருந்து பழைய ஏற்பாடு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை அனுப்புங்கள், நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குத் தடை விதிக்காதவராக அவர் இருக்க வேண்டும், அது மட்டும் போதும்.

திரும்பப் பெற மாட்டோம் என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். வகுப்பில் நடத்தியதில் எந்தக் கருத்து, எந்த நாளில், யாருக்கு இடறலானது என்று சொல்லுங்கள். நான் பயன்படுத்திய குறிப்பேடுகள் அனைத்தையும் குருவானவரிடம் ஒப்படைத்திருக்கிறேன், வாங்கிப் படித்துப் பாருங்கள்.

வாலிபர் பாடத்திட்டத்திலும் சபை ஊழியர் பயிற்சியிலும் முதல் நூற்றாண்டு யூத சமயம் பற்றி ஒரு பாடம் சேருங்கள். பரிசேயர், சதுசேயர், எஸ்ஸேனர் யார், அவர்களுடைய எழுத்துகள் என்ன சொல்கின்றன என்பது அதில் இருக்கட்டும். அடுத்த தபசு காலத்துக்கு முன் அது குருவானவர்களின் கைக்கும் வந்து சேரட்டும்.

அடுத்த புனிதப் பயணத்துக்குப் புறப்படுகிறவர்களுக்கு, ஊரிலேயே ஒரு மாலை கும்ரானைப் பற்றிச் சொல்லி அனுப்புங்கள். அங்கே சேற்றுக் கடையில் செலவாகும் நேரத்தை மிச்சப்படுத்தி, எருசலேமில் சுருள் மண்டபத்தைப் பயணத் திட்டத்தில் சேருங்கள்.

கடைசியாக, உங்கள் குழுவிலிருந்து ஒருவராவது ஒரு ஞாயிறு மாலை எங்கள் ஆலயத்துக்கு வாருங்கள். உங்களுக்குத் தெரியுமா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று என்னிடம் கேட்ட தம்பி இன்னும் ஆராதனைக்கு வருகிறான். அவனுக்கு நீங்களே நேரில் பதில் சொல்லுங்கள். இந்த மாதத்துக்குள் தேதி தெரிவித்தால் பிள்ளைகளை நான் கூட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் திருமண்டலத்தின் சபையார் ஒருவர்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்